அரக்கு ஏந்திய குரல்

ப்ளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித்தின் குரல் முதலில் இறங்கியது மெழுகில். ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது அரக்கில். நகை ஆசாரி தோட்டின் உட்கூட்டில் உருக்கி ஊற்றுகிறாரே, அஞ்சலகத்தில் பார்சல் முடிச்சின் மேல் சொட்டவிட்டு முத்திரை குத்துவார்களே, அதே அரக்கு. பழைய நகையை விற்கப் போனால் “அரக்கு கழிச்சுத்தான் எடை போடுவோம்” என்பார் கடைக்காரர். நம் முகம் வாடும். தங்கக் கணக்கில் சேராமல் தள்ளுபடியாகிற அந்தப் பொருள்தான் அமெரிக்கக் கருப்பினப் பெண்கள் பாடிய ப்ளூஸையும் ஜாஸையும் முப்பது ஆண்டுகளுக்குமேல் சுமந்து திரிந்தது. அது எங்கே பிறந்தது, யார் யார் கை மாறியது, எந்தெந்தக் குரலை ஏற்றிக்கொண்டு எங்கே போய் முடிந்தது என்று சொல்லிப் பார்க்க எனக்கு வெகுநாள் ஆசை.

பிறந்த இடம் சோட்டா நாக்பூர் மேட்டு நிலம். இன்றைய ஜார்க்கண்டும் அதை ஒட்டிய புருலியாவும். அங்கே புரசு, இலந்தை, குசும் மரங்களின் இளங்கொம்புகளில் அரக்குப் பூச்சி வாழ்கிறது. குஞ்சுகள் வெளிவரும் நாட்களில் குங்குமத்தைத் தூவினாற்போல கொம்பு முழுக்கச் சிவப்புத் துகள்கள் ஊரும். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. நல்ல இடம் பார்த்து, பட்டைக்குள் வாயைச் செருகிச் சாறு உறிஞ்ச ஆரம்பித்தபின் பெண் பூச்சி அங்கிருந்து நகர்வதே இல்லை, கால்களும் உதிர்ந்துவிடுகின்றன. தன்னைச் சுற்றித் தானே பிசினைக் கசிந்து அதற்குள் மூடிக்கொள்கிறது. பக்கத்துப் பூச்சியின் பிசினும் இதன் பிசினும் ஒட்டிச் சேர்ந்து கொம்பு முழுக்கப் பொருக்கு கட்டும். அதுதான் நம் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் கொம்பரக்கு.

முண்டா, ஒராவோன், சந்தால் குடும்பங்கள் அந்தக் கொம்புகளை வெட்டிச் சுரண்டி வாரச் சந்தைக்குக் கொண்டுவருவார்கள். தரகர் கை மாறி அது பட்டறைக்குப் போகும். பட்டறையில் நொறுக்கி, சிவப்புச் சாயம் போகும்வரை அலசி, காயவைப்பார்கள். அடுத்து வருவது என்னை மிகவும் ஈர்க்கும் கட்டம். நீண்ட துணிக்குழாய் ஒன்றில் அரக்கு மணிகளை அடைத்துக் கரியடுப்பின் முன்னால் பிடிப்பார்கள். ஒருவர் ஒரு முனையிலிருந்து முறுக்க முறுக்க, துணியின் கண்களில் தேன்போலப் பிசின் கசியும். அதை வழித்துத் தகடாகப் பரப்பியதும் இன்னொருவர் எடுத்துக்கொள்வார். தகட்டின் விளிம்பைக் கைகளிலும் கால்விரல்களிலும் பிடித்து, மேல்விளிம்பைப் பல்லால் கவ்வி, நெருப்பின் முன் நின்று நாலாபுறமும் இழுப்பார். தன் உடலையே சட்டமாக வைத்து ஒரு மனிதர் விரித்த அந்தத் தகடு ஆறியதும் கண்ணாடிபோலாகும். அதை உடைத்தால் அவல் மாதிரிச் செதில்கள். மூட்டை கட்டிக் கல்கத்தா துறைமுகத்துக்கு அனுப்புவார்கள்.

அரக்கு சூட்டில் குழையும், ஆறினால் கல்லாகும். குழைந்திருக்கும்போது எதை அழுத்தினாலும் அதன் நுணுக்கமான ரேகைவரை பிடித்துவைத்துக்கொள்ளும். பாண்டவர்களுக்கு அரக்கு மாளிகை கட்டியவர்கள் அது தீப்பற்றும் என்பதை மட்டும் நினைத்தார்கள். முத்திரை மோதிரக்காரர்கள் அது பதிவை விடாது என்பதை அறிந்திருந்தார்கள். ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய எமில் பெர்லினர் தட்டையான இசைத்தட்டை உருவாக்கியபோது முதலில் கெட்டி ரப்பரில்தான் அடித்தார். அது சரியாக அமையவில்லை. 1890களின் நடுவில், நியூ ஜெர்சியில் அரக்குக் கலவையில் சில்லறைச் சாமான்கள் வார்த்துக்கொண்டிருந்த ஒரு கம்பெனியின் கலவைக்கு மாறினார். அன்று பிடித்த வழி அரை நூற்றாண்டுக்கு மாறவில்லை.

தட்டு முழுக்க அரக்கு என்று எண்ணிவிட வேண்டாம். பெரும்பங்கு கல்பொடி, கொஞ்சம் பஞ்சுத்தூள், கறுப்பு நிறத்துக்குக் கரி. எல்லாவற்றையும் இழுத்துப் பிடிக்கும் பசைதான் அரக்கு. கல்பொடியைப் போட்டதற்குக் காரணம் உண்டு: இரும்பு ஊசியின் முனையைத் தேய்த்துத் தேய்த்து அது தன் பள்ளத்துக்குப் பொருத்தமாக்கிக்கொள்ளும். பழைய தட்டுகளில் குரலுக்குப் பின்னால் ஓயாமல் கேட்கிறதே ஒரு கரகரப்பு, அது அந்தக் கல்லின் சத்தம். நான் அதைக் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. மழைக்கு வெளியே நின்று உள்ளே பாடுபவரைக் கேட்பதுபோல இருக்கும்.

இந்தியாவுக்கும் தட்டு வந்தது. 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடியதைப் பதிந்தார்கள். அடித்துக்கொண்டு வந்தது ஜெர்மனியின் ஹனோவரிலிருந்து. கல்கத்தாவில் சியால்தாவிலேயே தட்டு அடிக்கும் ஆலை வந்தது 1908இல். அதுவரை அரக்கு கப்பலேறிப் போய்ப் பாட்டாகத் திரும்பி வந்தது.

1920 வாக்கில், அமெரிக்காவில் தட்டு வந்து முப்பது ஆண்டு ஆகப்போகிறது. கருப்பினப் பெண் ஒருவர் ப்ளூஸ் பாடிய தட்டு ஒன்றுகூட இல்லை. அவர்கள் வாங்கமாட்டார்கள் என்று கம்பெனிகள் முடிவு கட்டியிருந்தன. பெர்ரி பிராட்ஃபோர்டு என்ற பாடலாசிரியர் ஒவ்வொரு கம்பெனி வாசலாக ஏறி இறங்கி, கடைசியில் ஓகே கம்பெனியைச் சம்மதிக்க வைத்தார். 1920 ஆகஸ்ட் 10 அன்று நியூயார்க்கில் மேமி ஸ்மித் ‘கிரேசி ப்ளூஸ்’ பாடினார். முதல் மாதத்திலேயே 75,000 தட்டுகள் போனதாகச் சொல்வார்கள். ரயிலில் வேலை பார்த்த கருப்பின போர்ட்டர்கள் கட்டுக் கட்டாக வாங்கித் தெற்கே கொண்டுபோய், கடையே இல்லாத ஊர்களில் கூடுதல் விலைக்கு விற்றார்கள். கம்பெனிகளுக்குக் கண் திறந்தது. ‘ரேஸ் ரெக்கார்ட்ஸ்’ என்று தனி வரிசையே போட்டு, தட்டு 75 சென்ட் என்று விற்றார்கள். மேமி மேடைக் கூத்துகளில் எல்லா வகைப் பாட்டும் பாடிய கலைஞர். ப்ளூஸில் தோய்ந்தவர் என்று அவரைச் சொல்லமாட்டேன். ஆனால் கதவை முதலில் தள்ளித் திறந்தவர் அவர். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லோரும் அந்தக் கதவு வழியாகத்தான் வந்தார்கள்.

அப்படி வந்தவர்தான் டென்னிசியின் சாட்டனூகாவில் பிறந்து, சிறுவயதிலேயே பெற்றோரை இழந்து, தெருவில் பாடிக் காசு சேர்த்த பெஸ்ஸி ஸ்மித். 1923 பிப்ரவரியில் கொலம்பியா கம்பெனியின் பதிவறைக்குள் நுழைந்தார். மைக் இல்லாத காலம். சுவரிலிருந்து நீளும் ஒரு குழாய். அதன் வாய்க்குள் பாடவேண்டும். குழாயின் மறுமுனையில் ஒரு ஊசி, சூடேற்றி இளக்கிய கனத்த மெழுகுத் தட்டைக் கீறிக்கொண்டு போகும். டிரம்மை ஓங்கி அடித்தால் ஊசி துள்ளிவிடும் என்று டிரம்மே வேண்டாம் என்றார்கள். மெழுகைப் போட்டுக் கேட்டால் பதிவு பாழ். ஆகவே பாடியவருக்குத் தான் பாடியது எப்படி வந்தது என்று கேட்க வழியில்லை. முதல் நாள் பாடிய எதுவும் தேறவில்லை. மறுநாள், பிப்ரவரி 16, கிளாரன்ஸ் வில்லியம்ஸ் பியானோ வாசிக்க ‘டவுன்ஹார்ட்டட் ப்ளூஸ்’ தேறியது.

மெழுகின்மேல் உலோகம் பூசி, அதிலிருந்து அச்சு எடுத்து, நீராவி மேசையில் குழைந்து கிடந்த அரக்கு வில்லையை இரண்டு அச்சுக்கு நடுவே வைத்து அழுத்தினார்கள். ஆறு மாதத்துக்குள் 7,80,000 தட்டுகள் விற்றதாகக் கணக்கு. கொலம்பியா அப்போது திவாலின் விளிம்பில் இருந்தது. பெஸ்ஸிக்குக் கிடைத்தது, தேறிய பாட்டு ஒன்றுக்கு 125 டாலர். விற்பனையில் பங்கு கிடையாது. அந்தப் பாட்டை எழுதியவர் ஆல்பர்ட்டா ஹன்டர், இசையமைத்தவர் லவி ஆஸ்டின். இருவரும் கருப்பினப் பெண்கள். ஆல்பர்ட்டா 1922இல் பாரமவுண்ட் கம்பெனிக்காக அதைப் பாடியும் இருந்தார். பெஸ்ஸியின் தட்டு அவ்வளவு விற்றும் தனக்குப் பங்காக வந்தது 368 டாலர்தான் என்று அவரே பிற்காலத்தில் சொன்னார்.

கொம்பைச் சுரண்டிய முண்டாப் பெண்ணுக்குக் கிடைத்தது சந்தை விலை. குழாய்க்குள் பாடிய பெஸ்ஸிக்குக் கிடைத்தது பாட்டுக்கூலி. ஒருவர் பெயரை இன்னொருவர் கேட்டிருக்க மாட்டார். ஒரே தட்டில் இருவரின் உழைப்பும் இருந்தது. தட்டு எத்தனை விற்றாலும் இருவருக்கும் அதற்குமேல் ஒரு காசு வரவில்லை. இந்தக் கதையில் என்னால் சமாதானமாக முடியாத இடம் இதுதான்.

மா ரெய்னியைச் சொல்லியே ஆகவேண்டும். ஜார்ஜியாக்காரர். தெற்கே கூடாரம் கூடாரமாகப் பாடி, தட்டு என்ற ஒன்று அவரைத் தேடி வருமுன்பே இருபது ஆண்டுக்குமேல் மேடையில் கழித்தவர். 1923 முதல் 1928 வரை பாரமவுண்டுக்காகக் கிட்டத்தட்ட நூறு பாட்டு பாடினார். 1924இல் சிகாகோ கிராண்ட் தியேட்டரில் அவர் மேடையேறிய விதத்தை அவர் வாத்தியக் குழுவை நடத்திய தாமஸ் டார்சி பின்னாளில் விவரித்திருக்கிறார். திரை விலகினால் மேடையில் ஆள் உயரத்துக்குமேல் ஒரு கிராமபோன் பெட்டி. ஒரு நடனப் பெண் வந்து பெரிய தட்டு ஒன்றை அதன்மேல் வைப்பாள். பெட்டிக்குள்ளிருந்து குரல் எழும், ‘மூன்ஷைன் ப்ளூஸ்’. சபை தட்டைக் கேட்பதாக நினைத்திருக்கும்போதே பெட்டியின் கதவு திறக்கும். கழுத்தில் தங்கக் காசுமாலை, வாயில் தங்கப் பல், மினுங்கும் உடை, வெளிச்ச வட்டத்துக்குள் மா ரெய்னி நடந்து வருவார். அரங்கம் அலறும். அதுவரை தங்கள் வீட்டு மூலையில் கரகரப்புக்குப் பின்னால் கேட்ட குரல் எலும்பும் சதையுமாக எதிரே வந்து நிற்கிறது! அரக்கையும் தன்னையும் ஒரே மேடையில் இப்படிச் சேர்த்து நிறுத்திய இன்னொரு பாடகரை எனக்குத் தெரியாது.

அவருக்கு வாய்த்த கம்பெனியோ நாற்காலி செய்கிற கம்பெனி. விஸ்கான்சினில் மரச்சாமான் தொழில் நடத்தியவர்கள், கிராமபோன் அலமாரி செய்யப்போய், அலமாரி விற்கத் தட்டும் வேண்டுமே என்று பாரமவுண்டைத் தொடங்கினார்கள். ஆற்றங்கரை கிராஃப்டனில் தட்டு ஆலை. கலவை மலிவு, அடித்த தரமும் மட்டம். மா ரெய்னியின் குரலை இன்று நாம் ஒரு தடித்த திரைக்குப் பின்னாலிருந்து கேட்பதற்குக் காரணம் அந்தச் சிக்கனம்.

பெஸ்ஸிக்கு இந்த விஷயத்தில் அதிர்ஷ்டம். 1925 ஜனவரி 14 அன்று அவர் பாடிய ‘செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்’ தட்டைத்தான் நான் அதிகம் கேட்டிருப்பேன். ஃபிரெட் லாங்ஷா ஹார்மோனியம் வாசிக்கிறார். நம் பஜனை மடத்துத் துருத்தி மூச்சு அதில் கேட்கும். பெஸ்ஸி ஒரு வரியை முடிக்கும் இடத்தில் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் கார்னெட் அந்த வரியை வாங்கிக்கொண்டு பதில் சொல்லும். கச்சேரியில் பாடகர் நிறுத்திய இடத்திலிருந்து வயலின்காரர் தொட்டுப் போவாரே, அந்த உறவு. இருவருக்கும் கிடைத்தது மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகம். பத்து அங்குலத் தட்டில் அதற்குமேல் இடமில்லை. கூடாரத்தில் இரவு முழுக்க நீளும் ப்ளூஸை நான்கைந்து பத்திக்குள் அடக்கி, தொடக்கமும் முடிவும் உள்ள பாட்டாக ஆக்கியது அந்தத் தட்டின் அகலம்தான்.

அதே ஆண்டு மே மாதம் மின்சார மைக் வந்தது. சின்ன இடத்தில் பாடினால் பதிவு நன்றாக விழும் என்று யாரோ பொறியாளருக்குத் தோன்ற, அறையின் கூரையிலிருந்து கூம்பு வடிவில் துணிக்கூடாரம் ஒன்றைத் தொங்கவிட்டு பெஸ்ஸியையும் வாத்தியக்காரர்களையும் அதற்குள் அடைத்தார்கள். பாட்டு நடுவில் கூடாரம் அறுந்து எல்லோர் தலையிலும் விழுந்தது. அன்றே கூடார யோசனை முடிந்தது.

தட்டு வெறுமே விற்றுத் தீரவில்லை. பிள்ளைகளுக்கு வாத்தியாராகவும் இருந்தது. பால்டிமோரில் ஒரு சிறுமி, பக்கத்து விலைமாதர் விடுதிக்கு எடுபிடி வேலை செய்தாள். கூலிக்குப் பதில் முன்னறையிலிருந்த கிராமபோனில் பெஸ்ஸியையும் ஆம்ஸ்ட்ராங்கையும் கேட்க விட்டார்கள் என்று தன் சுயசரிதையில் சொல்கிறார். அவர்தான் பில்லி ஹாலிடே. நியூ ஆர்லியன்ஸில் தேவாலயப் பாட்டு மட்டுமே பாடவேண்டிய வீட்டில் வளர்ந்த மஹாலியா ஜாக்சனுக்கும் பெஸ்ஸியின் தட்டுகள் பாடம். எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டின் தாய் வீட்டுக்குக் கொண்டுவந்தது கானி பாஸ்வெல்லின் தட்டு. அதைப்போலவே பாட முயன்றுதான் 1934 நவம்பரில் அப்பல்லோ அரங்கின் போட்டியில் பதினேழு வயது ஃபிட்ஸ்ஜெரால்டு பரிசு வென்றார். குருவின் முன் உட்கார வசதியில்லாத பிள்ளைகள் இவர்கள். ஊசி தேயத் தேய ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டு, மூச்சு எடுக்கும் இடம்வரை கற்றுக்கொண்டார்கள்.

பொருளாதார மந்தம் வந்தது. 1927இல் பத்துக் கோடியைத் தாண்டிய அமெரிக்க இசைத்தட்டு விற்பனை 1932இல் 60 லட்சத்தில் வந்து நின்றது. பாரமவுண்ட் மூடப்பட்டது, உலோக அச்சுகள் பழைய இரும்புக் கடைக்குப் போயின. 1930இல் கிராஃப்டனில் பாடிவிட்டுப் போன கீஷி வைலியின் ‘லாஸ்ட் கைண்ட் வேர்ட்ஸ் ப்ளூஸ்’ இன்று விரல்விட்டு எண்ணும் தட்டுகளில்தான் மிஞ்சியிருக்கிறது. 160 பாட்டு பாடிக் கொடுத்த பெஸ்ஸியை 1931இல் கொலம்பியா கைவிட்டது.

ஜான் ஹாமண்ட் என்ற பணக்கார வீட்டு இளைஞர் பெஸ்ஸியைத் தேடிப் பிடித்து 1933 நவம்பர் 24 அன்று நான்கு பாட்டு பதிந்தார். மூன்று நாள் கழித்து, நவம்பர் 27, அதே ஹாமண்ட், பென்னி குட்மனின் குழுவோடு பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தியை முதல்முறையாக மைக் முன் நிறுத்தினார். பில்லி ஹாலிடே. பெஸ்ஸிக்கு அந்த நான்கு பாட்டே கடைசிப் பதிவு. நான்கு ஆண்டு கழித்து மிசிசிப்பிச் சாலை விபத்தில் அவர் இறந்தார். 1970இல் ஜானிஸ் ஜாப்ளினும் ஹுவானிட்டா கிரீனும் பணம் போடும்வரை அவர் கல்லறைக்குப் பெயர்க்கல்கூட இல்லை. அத்தனை ஆண்டும் அவர் பெயர் பொறித்துக் கிடந்தது தட்டுகளின் நடுவில் ஒட்டிய காகிதத்தில்.

பில்லியின் குரல் பெரிய குரல் அல்ல. குழாய்க் காலமாக இருந்திருந்தால் மெழுகு அதைக் கேட்டிருக்காது. மைக் வந்ததால் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோலப் பாட முடிந்தது. வெள்ளையர் கும்பல் மரத்தில் தூக்கிலிட்ட கருப்பினத்தவரைப் பற்றிய ‘ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்’ பாட்டை அவர் நியூயார்க்கின் கஃபே சொசைட்டி விடுதியில் பாடியபோது பெரிய கம்பெனி தொடப் பயந்தது. கமடோர் என்ற சின்னக் கம்பெனி 1939 ஏப்ரல் 20 அன்று பதிந்தது. மரத்தில் தூக்கிலிடுவதைப் பாடிய அந்தத் தட்டும் மரக்கொம்பிலிருந்து வந்ததுதான். எழுதும்போதே கை நடுங்குகிறது.

பிறகு போர். ஜப்பான் கிழக்கே முன்னேற, இந்தியக் கப்பல்கள் வருமா என்ற கேள்வி எழுந்தது. குண்டுகளுக்குப் பூசவும் மின்கம்பிக் காப்புக்கும் அரக்கு தேவை. 1942 ஏப்ரலில் அமெரிக்க அரசு, தட்டுக் கம்பெனிகளுக்கான அரக்கை 70 சதவீதம் வெட்டியது. புதுத் தட்டு வேண்டுமென்றால் பழைய தட்டைக் கொண்டுவா என்றார்கள் கடைகளில். வீடு வீடாகப் போய்ப் பழைய தட்டுகளைச் சேகரித்தார்கள். மூட்டை மூட்டையாக ஆலைக்குப் போய், நொறுங்கி, குழைந்து, இன்னொருவர் பாட்டாக மறுபடி அச்சேறின. அழிவதற்கு முன்பே அரிதாக இருந்த ப்ளூஸ் தட்டுகளும் அந்த மூட்டைகளில் போயிருக்கும். ஒரு குரலை அத்தனை நேர்மையாகப் பிடித்துவைத்த அதே குணம், சூடு பட்டால் அதை அடியோடு மறக்கவும் வைத்தது. போருக்குப் போன வீரர்களுக்காக அடித்த வி-டிஸ்க்குகளில் வினைல் வந்துவிட்டது. அரக்கின் காலம் எண்ணப்படத் தொடங்கியது அங்கேதான்.

அதே போர் ஆண்டுகளில், சிகாகோவில் பெயரெடுத்த கருப்பினப் பியானோக்காரர் டெடி வெதர்ஃபோர்டு, கல்கத்தா கிராண்ட் ஹோட்டலில் வாசித்துப் பாடிக்கொண்டிருந்தார். கல்கத்தாவிலேயே தட்டும் கொடுத்தார். அரக்கு சோட்டா நாக்பூரிலிருந்து வந்தது. ஜாஸ் கடல் கடந்து வந்தது. 1945இல் அவர் அங்கேயே காலராவில் இறந்தார்.

1948இல் கொலம்பியா வினைலில் நீள்தட்டு கொண்டுவந்தது. ஏறத்தாழப் பத்தாண்டில் அமெரிக்காவில் அரக்குத் தட்டு நின்றுபோனது.

ஆல்பர்ட்டா ஹன்டரிடம் திரும்புகிறேன். பெஸ்ஸி பாடிய பாட்டை எழுதிய அந்தப் பெண். தாய் இறந்தபின் 1950களின் நடுவில் பாட்டை விட்டுவிட்டு, வயதைப் பன்னிரண்டு ஆண்டு குறைத்துச் சொல்லி நர்ஸ் பயிற்சியில் சேர்ந்தார். இருபது ஆண்டு நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார். எழுபது ஆகிவிட்டது என்று 1977இல் ஓய்வு கொடுத்தார்கள். உண்மையில் 82. அந்த அக்டோபரிலேயே கிரீனிச் வில்லேஜில் தி குக்கரி என்ற விடுதியில் பாட ஏறினார். விடுதிக்காரர் பார்னி ஜோசப்சன். அந்நாளில் பில்லிக்கு மேடை கொடுத்த கஃபே சொசைட்டியின் அதே முதலாளி. காதில் பெரிய வளையங்கள் ஆட, கையைத் தொடையில் தட்டி, குறும்பு வரிகளில் கண்ணடித்து அவர் பாட, நகரமே வரிசையில் நின்றது. இறந்த 1984ஆம் ஆண்டுவரை பாடினார்.

1978இல் ஒரு திரைப்படத்துக்காக அவர் பாடிய பாட்டுகளைக் கொலம்பியா கம்பெனி வெளியிட்டது. தயாரித்தவர் ஜான் ஹாமண்ட். அதில் ‘டவுன்ஹார்ட்டட் ப்ளூஸ்’ உண்டு. எழுதியவரே, ஐம்பத்தைந்து ஆண்டு கழித்து, பெஸ்ஸியின் தட்டை விற்ற அதே கம்பெனிக்காகப் பாடுகிறார். கரகரப்பு இல்லை. கல்பொடி இல்லை. மூச்சு இழுப்பதுகூடத் தெளிவாகக் கேட்கிறது. ஒரு துளி அரக்கும் அந்தத் தட்டில் கிடையாது.